மருத்துவர்களை விசாரிப்போருக்கு எத்தனை ஆண்டு பதவி? நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

சிகிச்சையில் தவறு நேர்ந்தது என்றோ, மருத்துவர் தொழில் நெறியை மீறினார் என்றோ வரும் புகாரை விசாரித்து, தேவைப்பட்டால் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் இந்தியாவில் முதலில் மாநில மருத்துவக் கவுன்சில்களிடம் இருக்கிறது. அந்த முடிவால் பாதிக்கப்படும் மருத்துவர், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, ஆணையத்தின் கீழுள்ள நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கிருந்து ஆணையத்துக்கே போகலாம். இந்த அமைப்புகளைப் பற்றிய விவாதங்களில் யார் உறுப்பினராக வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பவை அலசப்படும் அளவுக்கு, அவர்கள் எவ்வளவு காலம் பதவியில் இருக்க வேண்டும் என்பது அலசப்படுவதில்லை. ஆனால் ஓர் உறுப்பினர் யாருக்கு அஞ்சுகிறார், எவ்வளவு கற்றுக்கொள்கிறார், கையில் எடுத்த வழக்கை முடித்துவிட்டுப் போகிறாரா என்ற மூன்றையும் பெருமளவுக்குத் தீர்மானிப்பது பதவிக்காலம்தான். மாநிலச் சட்டம் ஒன்றைத் திருத்தி எழுதும் வாய்ப்பு வந்தால் பதவிக்காலம் குறித்த பிரிவில் என்ன எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஒப்பிடுவதற்கு நான்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தி, வென்றவர் மீண்டும் மீண்டும் போட்டியிடலாம் என்று விடுவது முதலாவது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு நியமித்து, அரசு விரும்பினால் புதுப்பிப்பது இரண்டாவது. நான்கு ஆண்டுகள் கொடுத்து, நீட்டிப்போ மறுநியமனமோ கிடையாது என்று மூடிவிடுவது மூன்றாவது. இதைவிடச் சற்று நீண்ட காலத்தை ஒரே ஒருமுறை கொடுத்து, உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மட்டும் குறித்த இடைவெளியில் மாறும்படி அமைப்பது நான்காவது.

முதல் ஏற்பாட்டின் வரலாறு நமக்கு நன்றாகவே தெரியும். 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் உறுப்பினர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் கொடுத்தது. அவர்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவும் நியமிக்கப்படவும் வழி வைத்தது. அத்துடன், ஐந்து ஆண்டுகள் அல்லது அடுத்தவர் முறைப்படி வரும்வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை பதவியில் இருக்கலாம் என்றும் சொன்னது. இந்தக் கடைசிச் சொற்றொடரின் விளைவு பெரிது. தேர்தல் தள்ளிப்போனால் பதவிக்காலம் தானாக நீள்கிறது; ஆகவே தேர்தல் தள்ளிப்போவதில் பதவியில் இருப்பவருக்கே ஆதாயம் வந்துவிடுகிறது. 2010இல் அந்தக் கவுன்சிலின் தலைவர் லஞ்சக் குற்றச்சாட்டில் மத்தியப் புலனாய்வுத் துறையால் கைது செய்யப்பட்டதும், அடுத்த மாதமே அவசரச் சட்டத்தின் மூலம் கவுன்சில் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் அரசு நியமித்த நிர்வாகக் குழு ஒன்று அமர்த்தப்பட்டதும் பொதுவெளியில் உள்ள செய்திகள். 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு தனது 92ஆவது அறிக்கையில், மருத்துவர்களே மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்களைத் தாங்களே கண்காணிக்கும் அமைப்பு பொதுநலனைக் காக்கத் தவறிவிட்டது என்ற முடிவுக்கு வந்தது.

தேர்தல் முறைக்கு ஆதரவாக ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அமைச்சரும் செயலரும் கை வைக்க முடியாத ஓர் இடத்தை அது உருவாக்குகிறது. தொழிலின் சுயாட்சி என்று மருத்துவர்கள் பேசுவது வெற்றுப் பேச்சல்ல. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இன்றும் 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழியில்தான் இயங்குகிறது. அதன் பெரும்பான்மை உறுப்பினர்களைப் பதிவு பெற்ற மருத்துவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதிவேட்டைப் பராமரிப்பது, தொடர் மருத்துவக் கல்வியை நெறிப்படுத்துவது போன்ற வேலைகளுக்கு இந்த முறை பொருந்தும். ஆனால் தீர்ப்புச் சொல்லும் வேலைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. இன்று தன் முன்னால் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவரும் அவருடைய சங்கமும் அடுத்த தேர்தலில் தனக்கு வாக்களிக்கப் போகிறவர்கள் என்ற நிலையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எதிரே அமர்ந்திருக்கும் நோயாளியின் மனைவிக்கு அந்த நேர்மை கண்ணுக்குத் தெரியாது. நோயாளிகளுக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை.

இரண்டாவது ஏற்பாடு, குறுகிய காலமும் புதுப்பித்தலும், நிர்வாகத்துக்கு வசதியானது. சரியில்லாதவரைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், நல்லவரை வைத்துக்கொள்ளலாம். தொழிலில் மும்முரமாக இருக்கும் அறுவை மருத்துவர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் என்றால் ஒப்புக்கொள்வார், ஆறு ஆண்டுகள் என்றால் தயங்குவார் என்பதும் உண்மை. ஆயினும் இந்த ஏற்பாட்டின் மீது உச்ச நீதிமன்றம் சொன்னது நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. சென்னை வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2010ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய உறுப்பினர்களுக்கு வைக்கப்பட்ட மூன்றாண்டுக் காலம் மிகக் குறுகியது என்றது. தேவையான அறிவும் அனுபவமும் திறமையும் உறுப்பினருக்குக் கைவரும் நேரத்தில் அந்த ஒரு தவணை முடிந்துபோயிருக்கும் என்று காரணம் சொல்லி, ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளாக்கி இன்னொரு தவணைக்கும் வழி வைக்கச் சொன்னது. அதே சங்கத்தின் பெயரிலேயே அடுத்தடுத்து வந்த வழக்குகளில் இந்தத் தகராறு தொடர்ந்தது. 2020 நவம்பரில் ஐந்து ஆண்டுகள் என்றது நீதிமன்றம். 2021இல் அவசரச் சட்டத்தின் மூலம் அரசு நான்காக்கியது. அந்த ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சில வாரங்களிலேயே நாடாளுமன்றம் நான்கு ஆண்டுகளையே சட்டமாக்கியது. 2025 நவம்பரில் அந்தப் பிரிவுகளும் ரத்தாயின. ஓர் ஆண்டு கூடவா குறையவா என்பதற்காக மட்டும் இத்தனை ஆண்டுகள் வழக்காட மாட்டார்கள். காலத்தின் நீளத்தையும் அதைப் புதுப்பிக்கும் அதிகாரத்தையும் யார் கையில் வைத்திருக்கிறார்களோ, தீர்ப்பாயத்தின் கடிவாளமும் அவர்கள் கையில்தான் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

மருத்துவக் கவுன்சில் அப்படிப்பட்ட தீர்ப்பாயம் அல்லவே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தீர்ப்பாய உறுப்பினர் முழுநேரப் பணியாளர், தினமும் வழக்குக் கேட்பவர். ஒழுங்கு விசாரணை நடத்தும் மருத்துவர் பெரும்பாலும் பகுதி நேரமாகவே வருகிறார். மறுநாள் காலையில் தன் புறநோயாளிப் பிரிவுக்குத் திரும்பிவிடுகிறார். அவருடைய பிழைப்பு இந்தப் பதவியை நம்பி இல்லை, ஆகவே மறுநியமனத்துக்காக அவர் வளைந்து கொடுக்க வேண்டியதில்லை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் காலம் என்ற கோணத்தில் பார்த்தால் பகுதி நேர உறுப்பினருக்குக் குறுகிய காலம் இன்னும் அதிகக் கேடு செய்கிறது. கணக்குக்காக ஒருவர் மாதத்துக்கு ஒரு நாள் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் 24 அமர்வுகள். கடுமையாக மறுக்கப்படும் ஒரு வழக்குக்கு, வாய்தாக்களைக் கழித்தாலும், ஆறு அமர்வுகள் தேவைப்படும் என்றால், அவர் முழுமையாகக் கேட்டு முடிப்பது நான்கே வழக்குகள். நான்கு வழக்குகளில் ஒருவருக்கு மருத்துவம் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சாட்சியத்தை எடைபோடுவது, சந்தேகத்தின் பலன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்தறிவது, முந்தைய தண்டனைகளோடு இணங்கிப்போகும் தண்டனையைத் தேர்வது ஆகியவை அதற்குள் பழகிவிடாது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது: மருத்துவர் அல்லாத பொது உறுப்பினரின் நிலை. நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுகாதாரத் தொழிலர் ஒழுங்குத் தீர்ப்பாயத்தில் ஒவ்வொரு வழக்கையும் ஐவர் கேட்கிறார்கள்: சட்டம் பயின்ற தலைவர் அல்லது துணைத் தலைவர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவரின் அதே தொழிலைச் சேர்ந்த மூவர், பொது உறுப்பினர் ஒருவர். பிரிட்டனில் 2012 முதல் மருத்துவர்களின் வழக்குகளைக் கேட்கும் தனித் தீர்ப்பாயச் சேவையிலும் ஒவ்வோர் அமர்விலும் மருத்துவர் ஒருவரும் பொது உறுப்பினர் ஒருவரும் கட்டாயம். நம் சட்டத்திலும் நெறிமுறை வாரியத்தின் இரண்டாவது முழுநேர உறுப்பினர், மருத்துவ நெறிமுறைப் பணியிலோ சட்டம், பொதுச் சுகாதாரம், நோயாளி உரிமை போன்ற துறைகளிலோ பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒருவர் அறையில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வழக்கில் மயக்க மருந்துப் பதிவுத் தாளை அவரிடம் நீட்டுகிறார்கள். ஐந்து நிமிட இடைவெளியில் குறிக்கப்பட்ட ரத்த அழுத்தப் புள்ளிகள், ஆக்சிஜன் அளவு, கொடுத்த மருந்துகளின் சுருக்கக் குறிகள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஒரு பார்வையில் படித்துவிட்டு 'இது சகஜம்' என்கிறார். 'இருபது நிமிடம் ரத்த அழுத்தம் குறைந்தே இருந்திருக்கிறதே, அந்த நேரத்தில் ஏன் எந்தக் குறிப்பும் இல்லை?' என்று கேட்க அவருக்கு அறிவு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். அந்தத் துணிவு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோதான் வரும். வந்த கையோடு பதவிக்காலம் முடிந்துவிட்டால், பொது உறுப்பினர் எப்போதும் புதியவராகவே இருப்பார். மருத்துவ உறுப்பினர்கள் பதவிக்குப் புதியவர்கள் ஆனாலும் தாள்களுக்குப் பழகியவர்கள். குறுகிய பதவிக்காலம் யாருக்கும் தெரியாமல் ஒரு தரப்பின் கையை வலுப்படுத்திவிடுகிறது.

அதே சமயம், பொது உறுப்பினரைப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தால் அவரும் அந்த அறையின் பேச்சைப் பேசத் தொடங்கிவிடுவார். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்காகத்தான் அவரை அழைத்தோம். அந்தக் கண் மங்குவதற்குள் அவர் விடைபெற வேண்டும். ஆகவே தொடர் புதுப்பித்தலும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மூன்றாவது ஏற்பாடு, பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக ஆணையத்தைக் கொண்டுவந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இருப்பது. ஆணையத்தின் தலைவருக்கும் வாரியங்களின் தலைவர்கள், முழுநேர உறுப்பினர்கள் ஆகியோருக்கும் நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத பதவிக்காலம். நீட்டிப்பும் மறுநியமனமும் இல்லை. வயது வரம்பு 70. மாநிலங்களின் பிரதிநிதிகளாகச் சுழற்சியில் ஆணையத்துக்கு வருவோருக்கு இரண்டு ஆண்டுகள் மட்டும். பதவியை விட்டுச் சென்றவர், தான் கையாண்ட விவகாரத்தில் தொடர்புடைய தனியார் நிறுவனங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு வேலையேற்கவும் தடை இருக்கிறது. பழைய கவுன்சிலின் நோய்க்கு இது நேரடியான மருந்து. மறுநியமனம் இல்லை என்ற ஒரே விதி, தேர்தல் பயத்தையும் அமைச்சக பயத்தையும் ஒருசேர அகற்றுகிறது. இந்தச் சட்டத்தில் மற்ற பல அம்சங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, குறிப்பாக 30ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டுப் புகார்தாரரைப் பற்றிப் பேசாமல் விட்டதில். ஆனால் மறுநியமனத்தை அடைத்தது சரியான முடிவு.

இதன் குறைகள் இரண்டு. ஒன்று, நான்கு ஆண்டுகள் குறைவு; உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுகளைப் பற்றிச் சொன்ன காரணம் நான்குக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இரண்டாவது இன்னும் கவலைக்குரியது: எல்லாரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். ஆணையம் 2020 செப்டம்பர் 25 அன்று இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் நியமிக்கப்பட்டவர்களின் நான்காண்டுக் கணக்கு 2024 செப்டம்பரை ஒட்டியே ஒருசேர நிறைவுறும்படி அமைந்தது. தேடல் குழு கூடி, விண்ணப்பம் கேட்டு, பெயர்களைப் பரிந்துரைத்து, அரசு ஆணை பிறப்பிக்கும்வரை வாரியம் ஆளில்லாமல் இருந்தால், மேல்முறையீடு செய்தவர் காத்திருக்க வேண்டியதுதான். 2002ஆம் ஆண்டின் தொழில் நடத்தை ஒழுங்குமுறைகள் மருத்துவர் மீதான புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. 2023 ஆகஸ்ட்டில் வெளியான புதிய ஒழுங்குமுறைகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதால் பழையவையே தொடர்ந்தன. ஆறு மாதம் என்று கெடு வைத்துவிட்டு, அதைக் காப்பாற்ற வேண்டிய இருக்கைகளைக் காலியாக வைப்பது புகார் கொடுத்தவருக்கும், தன் மீதான களங்கம் எப்போது நீங்கும் என்று காத்திருக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

எஞ்சியிருப்பது நான்காவது ஏற்பாடு. ஒழுங்கு விசாரணைக்கென்றே ஒரு தனி உறுப்பினர் பட்டியல்; ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டுகள்; மறுநியமனம் இல்லை; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மாறுவார்கள். நான் இதையே பரிந்துரைக்கிறேன். முன்பு போட்ட கணக்கின்படி ஆறு ஆண்டுகளில் ஒருவர் 72 நாட்கள் அமர்வார், பன்னிரண்டு வழக்குகளை முழுமையாகக் கேட்பார். எந்த நேரத்திலும் பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களாக இருப்பார்கள். புதிய பொது உறுப்பினருக்கு அருகில் நான்காண்டு பழகிய இன்னொரு பொது உறுப்பினரை உட்காரவைக்க முடியும். அதற்காகவாவது ஓர் அமர்வில் பொது உறுப்பினர் இருவர் வேண்டும்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது, தவறான ஆளை நியமித்துவிட்டால் ஆறு ஆண்டுகள் பொறுத்துக்கொள்ள வேண்டுமே என்பது. நியாயமான அச்சம். அதற்கு விடை பதவிக்காலத்தைக் குறைப்பதில் இல்லை, நீக்கும் முறையைத் தெளிவாக எழுதுவதில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராதவர், தொடர்புடைய நலனை மறைத்தவர், தானே ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் ஆகியோரை, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரித்துச் சொன்ன பிறகே நீக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். 'அரசு கருதினால்' என்ற சொற்கள் அந்தப் பிரிவில் எங்கும் வரக் கூடாது. மும்முரமான மருத்துவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு ஒப்ப மாட்டார்கள் என்பதற்கு, விலகும் உரிமையும் கௌரவமான அமர்வுப் படியும் போதுமான பதில்கள். வயது வரம்பு 70 என்றால் நியமிக்கும்போது 64ஐத் தாண்டாதவராகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் தாளில் ஆறு ஆண்டும் நடைமுறையில் இரண்டு ஆண்டுமாக முடியும்.

பட்டியல் முறையில் வேறொரு கதவு திறக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பட்டியலில் இருப்பது வேறு, வழக்குக்கு அழைக்கப்படுவது வேறு. யாரை எந்த அமர்வுக்கு அழைப்பது என்பது தலைவரின் விருப்பத்துக்கு விடப்பட்டால், மறுநியமன பயத்தை வாசலில் நிறுத்திவிட்டு அதே பயத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டதாகிவிடும். பிடிக்காத தீர்ப்பு எழுதியவருக்கு அடுத்த ஆறு மாதம் அழைப்பு வராது. துறைப் பொருத்தத்தைப் பார்த்த பின் சுழற்சி வரிசைப்படியே அழைக்க வேண்டும். வரிசையிலிருந்து விலகினால் காரணத்தை எழுத வேண்டும்.

இனி, நான்கு ஏற்பாடுகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல்: வழக்கின் நடுவில் பதவிக்காலம் முடிந்தால் என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கருப்பை அகற்றும் அறுவையின்போது சிறுநீர்க் குழாய் சேதமடைந்தது; அதை அன்றே கவனிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது புகார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் இந்த ஆபத்தைச் சொன்னார்களா இல்லையா என்பதில் இரு தரப்பும் முரண்படுகின்றன. இரண்டாம் நாள் இரவு வயிற்று வலி என்று சொன்னபோது பணியில் இருந்த செவிலியர் மருத்துவரை அழைத்ததாகச் சொல்கிறார். அழைப்பே வரவில்லை என்கிறார் மருத்துவர். செவிலியரின் குறுக்கு விசாரணையை மூன்று மணி நேரம் கேட்ட ஐவரில் இருவரின் பதவிக்காலம் அடுத்த மாதம் முடிகிறது. புதிதாக வரும் இருவர் வாக்குமூலத்தின் நகலைப் படிக்கலாம். செவிலியர் எந்தக் கேள்விக்குத் தயங்கினார், எதற்கு உடனே பதில் சொன்னார் என்பது நகலில் இருக்காது. வழக்கைக் கேட்டவரே முடிவும் சொல்ல வேண்டும், கேட்பது ஒருவர் தீர்ப்பது மற்றொருவர் என்று பொறுப்பைப் பிரித்தால் விசாரணை என்ற கருத்தே சிதைந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1958இல் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் வகுத்த விதி இங்கே நேராக வந்து நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால், அந்தச் செவிலியரையும் நோயாளியையும் இரண்டாம் முறை கூண்டில் ஏற்ற வேண்டும்.

ஆகவே, சாட்சியம் பதிவு செய்யத் தொடங்கிவிட்ட வழக்கில், அந்த வழக்கின் அளவுக்கு மட்டும் உறுப்பினர் தொடரலாம் என்று ஒரு துணைப் பிரிவு கட்டாயம் தேவை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'அடுத்தவர் வரும்வரை' என்ற வாசகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எழுதுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அது ஆளின் பதவியை முழுவதுமாக நீட்டியது. இது ஒரு குறிப்பிட்ட வழக்குக் கட்டின் அளவுக்கு மட்டும் நீட்டுகிறது. அப்படித் தொடர்பவர் புதிய வழக்கு எதையும் ஏற்கக் கூடாது, பட்டியல் கூட்டங்களில் வாக்களிக்கக் கூடாது, அவருடைய இடத்தில் புதியவரை நியமிப்பதை இது தடுக்கவும் கூடாது. ஆறு மாதம் என்ற உச்சவரம்பையும் சேர்த்துவிட்டால், பதவியில் நீடிப்பதற்காக வழக்கை இழுக்கிறார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

மாற்றத்தைத் தொடங்கும் முதல் ஆண்டில் மட்டும் ஒரு தற்காலிக ஏற்பாடு வேண்டியிருக்கும். முதல் பட்டியலில் வரும் அனைவரையும் ஒரே நாளில் நியமித்தாலும், குலுக்கல் மூலம் மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டு ஆண்டுகள், அடுத்த பங்கினருக்கு நான்கு, மீதிப் பேருக்கு ஆறு என்று பிரிக்க வேண்டும். மருத்துவர்களுக்கும் பொது உறுப்பினர்களுக்கும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொது உறுப்பினர்கள் எல்லாரும் முதல் தவணையிலேயே வெளியேற நேரலாம். குலுக்கலில் இரண்டு ஆண்டுகள் மட்டும் கிடைத்தவர், குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மற்றவர்களைப் போலவே தேர்வுக் குழுவின் முன் விண்ணப்பித்து ஒரு முழுத் தவணை பெறலாம். அந்த ஒரு விதிவிலக்கைத் தவிர மறுநியமனத்துக்கான வேறெந்த வாசகமும் சட்டத்திலோ அதன் கீழ் இயற்றப்படும் விதிகளிலோ இடம்பெறக் கூடாது.